நான் வெட்டிய நான்கு வினாடி

'புற்றுநோயை வென்ற குரல்' என்று ஃபிளெக்ஸ் அடித்து, என் பழைய புகைப்படத்தையும் போட்டு, கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார்களாம். என் கணவர் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். அதில் எனக்கு முடி இருக்கிறது, புருவம் இருக்கிறது, இரண்டு பக்கமும் மார்பு இருக்கிறது. எட்டு கீமோவில் ஐந்துதான் முடிந்திருக்கிறது, ஆறாவது அடுத்த வாரம். அதற்குள் நான் வென்றுவிட்டேனாம். ஞாயிற்றுக்கிழமை விழாவாம், பொன்னாடையாம், தைரியமாக நான் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

எனக்கு இப்போது தைரியம் சொல்ல வரவில்லை, கோபம்தான் வருகிறது. வாய்ப்புண் ஆறி, கை நடுங்காமல் பேனா பிடிக்க முடிகிற நாலைந்து நாள் கிடைத்திருக்கிறது. அதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் பொன்னாடை போர்த்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயராணி. பத்தொன்பது வருடமாக ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர். எங்கள் தேவாலயத் திருவிழாவில், 'மஞ்சள் சட்டை போட்ட குழந்தையைக் காணவில்லை, கண்டவர்கள் மைக் செட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரவும்' என்று நான் சொன்ன விதத்தைக் கேட்டுத்தான் நிலையத்து அலுவலர் ஒருவர் என்னைக் குரல் தேர்வுக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து மானாவாரியில் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர்களுக்கு மழை நிலவரம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிற பெண்கள் கேட்ட பாட்டைப் போட்டேன். என் முகம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நிலையத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, கத்தரிக்கோல். எவ்வளவு நீளமான அறிவிப்பைக் கொடுத்தாலும், முப்பது வினாடி என்றால் முப்பதில் முடித்துக் கொடுப்பேன். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டேன். எந்தச் சொல்லுக்கு எத்தனை வினாடி என்று என் மூச்சுக்கே தெரியும். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை!

என்னோடு வேலை பார்த்த விமலா மார்புப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டே போனாள். அவளை அடக்கம் செய்த வாரம், ஊர் ஊராக வேனில் போய்ப் பெண்களுக்கு இலவசமாகப் பரிசோதனை செய்கிற ஓர் அறக்கட்டளைக்கு நானே தேடிப் போனேன். "என் குரலை எடுத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்றேன். அன்றிலிருந்து அவர்களுடைய எல்லா அறிவிப்பும் என் குரல்தான். வானொலியிலும் வரும், வேன் தலையில் கட்டிய ஒலிபெருக்கியிலும் வரும். ஓட்டப்பிடாரம், பசுவந்தனை, கயத்தாறு என்று அந்த வேன் போகாத ஊர் இல்லை.

பிறகு வருடக்கணக்காக ஓடிய அந்த முதல் அறிவிப்பை எழுதித் தந்தவர் ஒரு டாக்டர். படித்துப் பார்த்தேன், முப்பத்துநான்கு வினாடி வந்தது. எங்களுக்கு இருந்ததோ முப்பது. கடைசியில் 'இந்த அறிவிப்பு உபயம்' என்று ஒரு நகைக்கடை பெயரும், ஒரு ஜவுளிக்கடை பெயரும் வரும். அதில் யாரும் கை வைக்க முடியாது. உபயம் கொடுத்தவர் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் அடுத்த மாதம் உபயம் வராது. அறக்கட்டளைச் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் பென்சிலை எடுத்தேன், இரண்டு வரியை அடித்தேன், படித்தேன். முப்பது வினாடி, சுத்தமாக. "அம்மா, நீங்க வேற லெவல்" என்று அவர் கைதட்டினார். டாக்டருக்கு யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. வலிக்கவில்லையே, நெறி கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் வலிக்கவில்லை. இப்படி ஏழு மாதம். ஊருக்கெல்லாம் 'தயங்காதீர்கள்' என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்தவள், தனக்கு வந்ததை ஏழு மாதம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தோல் ஓரிடத்தில் உள்வாங்கிச் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் பால்ராஜிடம் சொன்னேன். கயத்தாறு நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். டயருக்குள் கிடக்கிற ஆணியைக் கையால் தடவியே கண்டுபிடிக்கிற மனுஷன். அன்றைக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, "ஏட்டி, கெளம்பு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். ரேடியோக்காரிக்கே வந்துவிட்டது என்று அந்த அறை முழுக்கப் பேசுமே! டோக்கன் நம்பரைக் கேட்டால் சீட்டை நீட்டிக் காட்டினேன். பெயரைக் கேட்டால் பால்ராஜ் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "பாவம், ஊமை போலுக்கு" என்று என் கணவரிடம் பரிதாபப்பட்டாள்.

மேமோகிராம் என்பது வேறொன்றுமில்லை. மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து, சப்பாத்தி மாதிரி அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. வலிக்கத்தான் செய்யும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். பயாப்ஸி என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, பிறகு தடித்த ஊசி ஒன்றால் கட்டியிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. ஊசி பாயும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் கட்டிலில் அப்படித் துள்ளியிருக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் வேலைக்குப் போனேன், சிரித்துச் சிரித்துப் பாட்டுப் போட்டேன்.

டாக்டர் அம்மா முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கட்டி எத்தனை மாசமா இருக்கு?"

"ஏழு மாசம்."

"அப்பவே ஏன் வரல?"

"வலிக்கல, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வலிக்காத கட்டியப் பாத்துத்தாம்மா நாங்க பயப்படுவோம். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

எங்கேயோ சுருக்கென்று குத்தியது. ஆனால் எங்கே என்று அப்போது பிடிபடவில்லை. இரண்டாம் கட்டம் என்றார். அதாவது கட்டி அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளில் இரண்டைத் தொட்டுவிட்டது, வேறு உறுப்புகளுக்குப் போகவில்லை. மார்பையும் அந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, பிறகு கீமோ, அதாவது நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது. காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. பயத்துக்குத்தான் அட்டை இல்லை.

அறுவை முடிந்து கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் புட்டி. உள்ளே ஊறுகிற நீர் அதில் வடியும். பத்துப் பன்னிரண்டு நாள் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் கக்கூசுக்கும் போக வேண்டும். என் அண்ணன் மனைவி எஸ்தர் மைனி மறுநாளே தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து, தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துக்கொண்டு வந்து புட்டியை அதில் போட்டுவிட்டாள். "ஆபீசுக்குப் போற மாதிரி இருக்கட்டி, போ" என்றாள். சிரித்தால் தையல் இழுத்தது, இருந்தாலும் சிரித்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களோ ஆளுக்கு ஒரு கிலோ கடலைமிட்டாய் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோவில்பட்டிக்காரியைப் பார்க்க வருகிறவன் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையே வாங்கி வந்தால் என்ன செய்வது? மைனி அதையெல்லாம் வார்டு முழுக்கப் பங்கு போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் முத்துலட்சுமி. பசுவந்தனைக்காரி. ஆறு ஏக்கர் கரிசலில் புருஷனோடு வெள்ளாமை பார்க்கிறவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரண்டு கீமோ முடிந்து, மொட்டைத் தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் என்னை மறந்து நர்ஸிடம், "கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றேன். முத்துலட்சுமி படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆத்தாடி! இது ரேடியோம்மா குரல்லா?"

மறுக்க முடியுமா? தலையாட்டினேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வார்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "அவியதாம் இவிய! மழை சொல்லுவாவல்லா, அவிய!" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதக் கேட்டுத்தாம் நான் இங்கன வந்தேன், ரேடியோம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தொன்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு ஓர் ஆளாவது தப்பித்ததே என்று நினைத்தேன். "எப்பக்கா வந்திய?"

"வலி வந்த அன்னைக்கே வந்துட்டம்லா."

"கட்டி எப்ப வந்துச்சு?"

"அது போன வருசம் பருத்தி எடுக்கையிலயே இருந்துச்சு. வலிக்கட்டும், வலிச்சா போவோம்னு இருந்தேன். நீங்கதான் சொல்லுவியல்லா, கட்டி, வலி இருக்கிறதான்னு. எனக்குக் கட்டிதான் இருந்துச்சு, வலி இல்லயே. எங்க வீட்டு ஆளு போவமான்னு கேட்டதுக்குக்கூட, ரேடியோல சொல்லுதாவ, வலி வந்தாத்தான் போணும்னுட்டேன்."

அவளுக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது. அறுவை செய்ய முடியாது, மருந்தால் கட்டுப்படுத்திக்கொண்டு போவதுதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதையும் அவளே சொன்னாள், சொல்லிவிட்டு என் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்று குத்திய இடம் இப்போது தெரிந்தது. பால்ராஜிடம் என் மேசை இழுப்பறையில் இருக்கிற பழைய காகிதக் கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். படித்த அறிவிப்பு எதையும் நான் தூக்கிப்போட்டதில்லை. சாயங்காலம் அவர் கொண்டுவந்தார். டாக்டர் எழுதியது இப்படி இருந்தது: 'மார்பில் கட்டி இருக்கிறதா? வலி இல்லாவிட்டாலும் உடனே வந்து காட்டுங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.' அதன் மேல் என் பென்சில் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில்: 'மார்பில் கட்டி, வலி இருக்கிறதா? உடனே வந்து காட்டுங்கள்.' போதாததற்கு, 'வலி' என்ற சொல்லில் குரலை இறக்கி ஒரு நடுக்கம் வேறு கொடுத்திருந்தேன். நன்றாக இருக்கும் என்று!

வெட்டியவள் நான். வெட்டியதை மறந்தவளும் நான். என் குரலை நானே நம்பி ஏழு மாதம் உட்கார்ந்திருந்தேன். அதுகூடப் போகட்டும், என் உடம்பு, என் திமிர். முத்துலட்சுமி என்ன பாவம் செய்தாள்? இரண்டு கடைப் பெயருக்கு இடம் விட்டு, இவள் பிழைக்க வேண்டிய வரியை வெட்டியிருக்கிறேன். இரண்டு கன்னத்திலும் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது, இடது கையைத் தூக்க முடியவில்லை.

செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனுஷன்தான், அதுதான் எரிச்சல். "அம்மா, நீங்க மொதல்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

"ரெஸ்ட் இருக்கட்டும் சார். அந்த அறிவிப்ப நிப்பாட்டுங்க. இன்னைக்கே."

"அது நல்லா ரீச் ஆகியிருக்கும்மா. சின்னப் புள்ளைக்குக்கூட மனப்பாடம்."

"மனப்பாடம் ஆனதுதான சார் எமனா வந்துட்டு!"

"நாலு செகண்ட் விசயத்துக்கு இப்படிக் கோவப்படுதியளே. இத்தனை வருசமாத் தப்பாச் சொன்னோம்னு நாமளே சொன்னா வேன்ல யாரும்மா ஏறுவா? உபயக்காரங்க என்ன நெனப்பாங்க? நீங்க கொணமாகி வாங்க, பெருசா ஒரு விழா எடுத்துப் புதுசாப் பதிவு பண்ணுவோம்."

"நான் கொணமாகி வாரதுக்குள்ள எத்தனை பேரு சார் வலிக்காகக் காத்துக்கெடப்பாங்க?"

"பாக்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

இனி முத்துலட்சுமியிடம் சொல்ல வேண்டும். மைனி வேண்டாம் என்றாள். "சொல்லி என்னட்டி ஆவப்போவுது? இருக்கிற நாளாவது ஒன்ன நம்பிட்டு இருந்துட்டுப் போறா." எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் தன் கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தாள், நான் குடித்தேன். மூன்றாம் நாள் தொண்டையில் இறங்கவில்லை. காகிதத்தை எடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. டாக்டர் எழுதியதை முழுக்க வாசித்தேன், பிறகு நான் மாற்றியதை வாசித்தேன்.

அவள் துண்டைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப, வலிக்காதுன்னு எழுதித்தாம் இருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சுக்கா. நாந்தான் வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"நேரம் பத்தல. நாலு வினாடி கூடிட்டு."

"நாலு வினாடின்னா எம்புட்டு நேரம்?"

ஒரு மூச்சு இழுத்து விட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கஞ்சி வந்தது, தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள். அவள் என்னைக் கெட்ட வார்த்தையில் வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று நாள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இந்த நோயில் எனக்கு எது ரொம்ப வலித்தது என்று யாராவது கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

நான்காம் நாள் அவளே திரும்பினாள். "அந்த வேனு எங்க ஊருக்குத் திரும்ப வருமா?"

"வரும்."

"அதே பாட்டத்தாம் பாடுமா?"

"நிப்பாட்டச் சொல்லியிருக்கேன். கேக்க மாட்டேங்காவ."

"எம் மருமவளும் ரேடியோ கேக்குதவதாம்" என்றாள். அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்கனயே சொல்லும். உங்க வீட்டுக்காரவ போன்ல சொல்லும். நானும் சொல்லுதேன்" என்றாள்.

பதிவு செய்யப் பால்ராஜ் போனைப் பிடித்தார். டாக்டர் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். என் குரல் வறண்ட சோளத்தட்டை மாதிரி கரகரத்தது, பின்னால் யாரோ இருமினார்கள், தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது. கடைசியில் முத்துலட்சுமி போனைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து, "எனக்கு வலிக்கல. வலிக்கலன்னு இருந்தேன். நீங்க இருக்காதிய" என்றாள். செயலாளருக்கு அனுப்பினோம். "சத்தமா இருக்கேம்மா, குவாலிட்டி இல்லயே" என்றார். நான் போட்ட சத்தத்தில், "சரிம்மா, சரிம்மா, போட்டிருதோம்" என்றார். அதை நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன். அதை நம்பித்தான் ஐந்து கீமோவும் ஏற்றிக்கொண்டேன். வாயில் இரும்பை வைத்த மாதிரி இருக்கும்போது மைனி கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைச் சப்பிக்கொண்டு, போகட்டும், அறிவிப்பாவது மாறியதே என்று நினைத்துக்கொள்வேன்.

முந்தாநாள் காலை பதினோரு மணி இருக்கும். முத்துலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

"ரேடியோம்மா, வேனு வந்திருக்கு. கேளும்" என்று போனை உயர்த்திப் பிடித்தாள்.

'அன்பான தாய்மார்களே...' என் குரல். பழைய குரல். தேன் மாதிரி, நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கிக்கொண்டு, உபயத்துக்கு இடம் விட்டுக்கொண்டு. எதையும் மாற்றவில்லை. விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க நேரம் இருந்திருக்கிறது, இதற்கு நேரம் இல்லை. ஊரின் நடுத்தெருவில் போய் அதன் வாயைப் பொத்தலாம் என்றால் நான் கட்டிலில் கிடக்கிறேன்.

'மார்பில் கட்டி, வலி...'

"ஏலே! நிப்பாட்டுலே வண்டிய!"

பிரேக் போட்ட சத்தம் கேட்டது. "யம்மா, நடு ரோட்டுல நிக்கியே, தள்ளும்மா" என்று டிரைவர் கத்தினான். "தள்ள மாட்டேன். எம்மேல ஏத்திட்டுப் போ. நீ ஏத்தாட்டாலும் நான் போவத்தாம் போறேன்" என்றாள் அவள். பிறகு ஏதோ சலசலப்பு. ஒரு பெண் குரல், "அத்தை, துண்டு அவுந்துட்டு" என்றது. "கெடக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். என் குரல் பாதியில் நின்றது. ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

"ஏட்டி பொம்பளையளா, எல்லாரும் வெளிய வாங்க. என் தலையப் பாருங்க. கட்டி வந்தா வலிக்காது. மொதல்ல வலிக்காது. ரேடியோல சொன்னது பாதிதாம். மீதி என்னன்னா, வலிக்காது. வலிக்கட்டும்னு இருந்துதாம் நான் இப்படி நிக்குதேன். எவளுக்காவது கட்டி இருந்தா இப்பமே இந்த வண்டில ஏறுங்க. வெக்கப்படாதிய. நான் நிக்குதேன்லா, என்னப் பாத்துட்டு ஏறுங்க."

எத்தனை வினாடி பேசினாள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் மூச்சு கணக்குப் போடவில்லை. அவள் எந்தக் கடைக்கும் உபயம் சொல்லவில்லை.

போன் திரும்ப அவள் காதுக்கு வந்தது. மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"மூணு பேரு ஏறியிருக்காளுவ. எம் மருமவளையும் ஏத்தி விட்டுட்டேன்." வேன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "நீங்க வெட்டுனதச் சேத்தாச்சு, ரேடியோம்மா. வச்சிருதேன். மைக்கக் குடு, வண்டி பேட்டரி போயிரும்னு டிரைவரு கத்துதான்."